வெள்ளைச் சகுரா

மார்ச் 11, திங்கள்

கியோட்டோ வந்து சேர்ந்தாயிற்று. அறை எவ்வளவு சின்னது என்றால், பெட்டியைத் திறந்தால் கதவைத் திறக்க முடியாது. கதவைத் திறந்தால் பெட்டியைத் திறக்க முடியாது. தங்கச்சி ஷைலா பொதிந்து கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் உடையாமல் வந்திருக்கிறது. அதுவே பெரிய விஷயம்.

உதவித்தொகை கொடுத்தவர்கள் தினமும் வேலைக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இதில் வேலையைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

பெயர் ஜெபமலர். வயது நாற்பத்து நான்கு. நாகர்கோவிலில் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். இங்கே ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் பழைய மரக்கட்டை அச்சோவியங்கள் இருக்கின்றன. நிறத்துக்கு ஒரு கட்டையாகச் செதுக்கி, மை தடவி, காகிதத்தை மேலே வைத்துத் தேய்த்து எடுத்த நிலக்காட்சிகள். எல்லாவற்றிலும் மலை மலையாகச் சகுரா, அதாவது ஜப்பானியச் செர்ரி மரம், பூத்து நிற்கிறது. எது எந்த வகை மரம் என்று சொல்வதுதான் என் வேலை.

அதில் ஒன்றை நான் ஊரில் இருந்தபோதே புகைப்படத்தில் பார்த்துவிட்டேன். ஓர் ஆறு, இரண்டு படகு, பின்னால் ஒரு குன்று, குன்று முழுக்க வெள்ளைப் பூ, நடுவில் பச்சைத் தளிர். இந்தப் பக்கத்து மலைச்சகுரா வெளிர்சிவப்பாகப் பூக்கும். தளிர் செம்பு நிறம். வெள்ளைப் பூவும் பச்சைத் தளிருமாக வருவது தொலைவில், கடலோரத் தீவுகளில் வளரும் வேறு மரம். அது அந்தக் காலத்தில் இந்தக் குன்றுக்கு எப்படி வந்தது? அதைப் பற்றி எழுதிய கட்டுரையை ஒரு நல்ல இதழ் ஏற்றுக்கொண்டது. கட்டுரை வெளிவந்தால் எனக்குப் பேராசிரியர் பதவி. அருங்காட்சியகமும் அந்தப் படத்தை முன்னால் வைத்து ஒரு கண்காட்சி நடத்தப்போகிறது. பெயர் "வெள்ளைச் சகுரா". ஏப்ரல் 6 திறப்பு. திறப்பன்று நான் பேசவேண்டும்.

ஓவியத்தை நேரில் இன்னும் பார்க்கவில்லை. தூக்கம் வரவில்லை. விமானச் சாப்பாடாக இருக்கும்.

மார்ச் 12, செவ்வாய்

அச்சோவியப் பிரிவின் தலைவி மொரிகாவா-சான் (சான் என்பது இங்கே மரியாதைக்குச் சேர்ப்பது) என்னை வரவேற்றார். அறுபதை நெருங்கும் வயது, நேரான முதுகு, நிறுத்தி நிதானமான ஆங்கிலம். சிரிப்பதில்லை. கீழ்த்தளத்தில் ஓவியங்களைப் பழுதுபார்க்கும் அறை இருக்கிறது, அங்கே காத்திருங்கள் என்றார்.

காத்திருந்த நேரத்தில் ஷைலாவுக்குப் போன் போட்டேன்.

"ஊறுகா ஒடஞ்சிச்சாக்கா?" என்றாள். அவளுக்கு முதல் கவலை அதுதான்.

"பாட்டில் ஒடயல்ல. ஆனா இங்க ஒரு ஈ காக்கா கிடையாது. ஒரே அமைதி. ஆஸ்பத்திரி சவக்கிடங்கு மாதிரி இருக்கு."

பின்னாலிருந்து ஒரு குரல்: "போத்தல் உடையேல்லை எண்டால் சந்தோசம். ஆனா சவக்கிடங்கு எண்டு சொல்லாதேங்கோ. நான் வேலை செய்யிற இடம்."

நான் கத்திய கத்தலில் மேலே இருந்து காவலாளி ஓடிவந்தார்.

அவர் பெயர் குகநேசன். சிலோனில் பருத்தித்துறைக்காரர். படிக்க வந்து, காகிதத்தையும் பசையையும் பழைய ஓவியங்களையும் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். கிழிந்த ஓவியத்தை ஒட்டுவது, பூச்சி அரித்ததை அடைப்பது, சட்டம் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. நரைத்த மீசை. கையில் அரிசிப்பசை வாசனை.

மார்ச் 14, வியாழன்

ஓவியத்தை நேரில் பார்த்தேன். படத்தில் தெரியாதது நேரில் தெரிந்தது: ஒவ்வொரு இதழும் காகிதத்தில் மேடாக எழும்பி நிற்கிறது. மை தடவாமல் வெறும் கட்டையை அழுத்தி எடுக்கும் முறையாம். சாய்த்துப் பார்த்தால் குன்று முழுக்கப் பூ உதறிக்கொண்டு எழுந்திருக்கிறது. 

"பத்து நிமிசமா மூச்சு விடாமல் நிக்கிறியள்" என்றார் குகநேசன் சார். "ஒருக்கா விடுங்கோ."

சிரித்துவிட்டேன். மொரிகாவா-சான் திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 15, வெள்ளி

கீழ்த்தளம் போனேன். காரணம்: பசை செய்யும் முறையைத் தெரிந்துகொள்ள.

மார்ச் 16, சனி

கீழ்த்தளம் போனேன். காரணம்: பசை ஆறியதும் எப்படி இருக்கிறது என்று பார்க்க.

மார்ச் 19, செவ்வாய்

சட்டை துவைத்தேன். அரிசி வாங்கினேன். இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தாண்டி மூன்று ஸ்டேஷன் போய்விட்டேன். ஜன்னலில் எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்ததை எதிரில் இருந்த குழந்தை அம்மாவுக்குக் காட்டியபோதுதான் தெரிந்தது.

குகநேசன் சார் "சார்" வேண்டாம் என்கிறார். "சேர் எண்டு கூப்பிட்டால் நான் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. குகன் எண்டு சொல்லுங்கோ." நான் எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் நாற்பத்தொன்பது வயது ஆளை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா? வயதை எதற்காக விசாரித்தேன் என்று இப்போது நினைவில்லை.

மார்ச் 22, வெள்ளி

இன்று ஒரு மானக்கேடு.

உருப்பெருக்கி வைத்து இதழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குகன் (சொல்லிவிட்டேன், இனி மாற்ற முடியாது) எதிரில் உட்கார்ந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். நான் தலைநிமிர்ந்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வடிவா இருக்கு" என்றார்.

"ஆமா. நீள்வட்டம். நுனியில ஒரு சின்னப் பிளவு. அதை வெச்சுத்தான் சகுரான்னே சொல்ல முடியும்" என்றேன்.

அவர் அட்டையைக் கீழே வைத்தார். மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார், சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "எங்கட ஊரில வடிவு எண்டால் அழகு, டொக்டர்" என்றார்.

எங்கள் ஊரிலும் அதுதான். என் பெரியம்மாவின் பெயரே வடிவு. எனக்குத்தான் அந்த நேரத்தில் மூளை வேலை செய்யவில்லை.

எதை அழகு என்றார் என்று கேட்கவில்லை. ஓவியத்தைத்தான்.

மார்ச் 24, ஞாயிறு

தேவாலயத்துக்குப் போனேன். பிரசங்கம் முழுவதும் ஜப்பானிய மொழியில். ஒன்றும் விளங்கவில்லை. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

"விளங்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன். "புரியவில்லை" என்றுதானே எழுதுவேன்? இது குகன் பேசும் விதம்.

மார்ச் 27, புதன்

ஷைலா: "ஒனக்க சத்தமே வேற மாதிரி இருக்கேக்கா. காய்ச்சலா?"

"இல்லியே."

"அப்ப எதுக்குச் சிரிக்க?"

"இங்க குளிர்."

"அந்த ஊறுகாயத் தீத்துராத, பாத்துச் சாப்பிடு" என்றாள். பாதிப் பாட்டில் குகன் வீட்டில் இருப்பதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அவர் வீட்டில் நல்ல சோறு கிடைக்கிறது. அவருக்கும் கூடச் சாப்பிட ஆள் இல்லை. மனைவி கனடா போய், சட்டப்படி பிரிந்து, வேறு குடும்பமாகி நாளாகிவிட்டது. அதை அவர் பருப்புக்குத் தாளித்துக்கொண்டே சொன்னார். நானும் சொன்னேன்: அப்பா போனபோது ஷைலா எட்டாம் வகுப்பு, அவளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, அதற்குள் என்னைப் பெண்பார்க்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள். இதைப் பெரிய சோகமாகச் சொல்லவில்லை. நான் அப்படி நினைத்ததும் இல்லை. "உங்களைப் பாக்க வந்த ஆக்களுக்குக் கண் சரியில்லை" என்றார் அவர். புரை ஏறிவிட்டது.

மார்ச் 30, சனி

பூத்துவிட்டது! நேற்றுவரை விறகு மாதிரி நின்ற மரம்! ஆற்றங்கரை முழுக்க! நான் இருபது வருடமாகப் பூ பற்றிப் பாடம் நடத்துகிறேன், பூ என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. யாரும் என்னிடம் கேட்காதீர்கள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

நிதானமாக எழுதவேண்டும். இன்று நடந்தது இது.

ஓவியத்தின் இடது ஓரத்தில் ஒரு தளிர் பாதி மறைந்திருக்கிறது. படத்தைச் சுற்றி ஜன்னல் மாதிரி வெட்டிய ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. பழைய உரிமையாளர் யாரோ ஒட்டியது. பின்பக்கமும் பலகை மாதிரிக் கெட்டி அட்டை, அதனால் முதுகைப் பார்க்கவும் வழியில்லை. அந்தத் தளிரின் விளிம்பில் ரம்பப் பல் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் என் பேச்சுக்கு ஒரு நல்ல ஆதாரம் கிடைக்கும். திறந்து காட்டுங்கள் என்று ஒரு வாரமாக நச்சரித்தேன். மொரிகாவா-சான் நேற்று அனுமதி கொடுத்தார்.

குகன் ஈரப் பஞ்சை வைத்து, ஆறுதலாக, அவர் பாஷையில் மெதுவாக, ஒரு மணிநேரம் எடுத்து அந்த அட்டையின் இடது பக்கத்தைத் தூக்கினார். நான் விளக்கைப் பிடித்தேன்.

அடியில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. இத்தனை காலம் வெளிச்சமே படாத பட்டை. அதில் பூக்கள் இளஞ்சிவப்பு. குழந்தையின் நகம் மாதிரி இளஞ்சிவப்பு. என் தளிரும் இருந்தது. தளிரில் வெளியே தெரிந்த பாதி பச்சை. மறைந்திருந்த பாதி செம்பு நிறம்.



குசும்பாப் பூவின் சாயம். நம் நாட்டில் எண்ணெய்க்காகப் பயிரிடும் அதே குசும்பா. அதன் சிவப்பு வெளிச்சத்தில் நிற்காது. பூவில் பூசிய சிவப்பு போய் வெறும் காகிதம் வெள்ளையாக நின்றிருக்கிறது. தளிரில் நீலத்தோடும் மஞ்சளோடும் கலந்த சிவப்பு போய், மிச்சம் பச்சையாகத் தெரிந்திருக்கிறது. வெள்ளைப் பூவும் இல்லை, பச்சைத் தளிரும் இல்லை, தீவு மரமும் இல்லை. இந்த ஊர் மலையில் எங்கே திரும்பினாலும் நிற்கிற சாதாரண மலைச்சகுரா. அதற்கு நான் முப்பது பக்கம் எழுதியிருக்கிறேன். ஊர் முழுக்க "வெள்ளைச் சகுரா" என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறது.

என் தோள் குலுங்கியது. குகன் பதறிப்போனார்.

"அழாதேங்கோ" என்றார். "ஒருதருக்கும் தெரியாது. இதை நான் பழையபடி மூடி ஒட்டலாம். கண்காட்சி முடியட்டும். நான் ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லுறன்."

"சொல்லுவீங்களா?"

அவர் ஓவியத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சொல்லுவன். பேந்து எனக்கு நித்திரை வராது."

"அப்ப வேண்டாம். நீங்க தூங்கணும்."

நான் அழவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அடக்கவே முடியவில்லை. எவ்வளவு அழகு அந்தப் பட்டை! இத்தனை காலத்துக்குப் பிறகு முதலில் பார்த்தது நாங்கள் இரண்டு பேர்! பதவி போகப்போகிறது, கட்டுரை போகப்போகிறது, எனக்கு ஏன் இப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. விளக்கு ஆடாமல் இருக்கத்தான்.

ஏப்ரல் 3, புதன்

மொரிகாவா-சானிடம் சொன்னேன். அவர் கீழே வந்தார். குனிந்து அந்தப் பட்டையைப் பார்த்தார். நிமிரவே இல்லை. 

"முப்பது வருடமாக இந்தப் படத்தோடு இருக்கிறேன்" என்றார் கடைசியில். "இன்றைக்குத்தான் முகத்தைப் பார்க்கிறேன்."

பிறகு, "போஸ்டர்" என்றார். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தில் நான் பூமிக்குள் போய்விட்டேன். மாலைவரை போன் மேல் போன் பேசினார். கிளம்பும்போது என் மேசைக்கு வந்து, "இடது பக்கத்தை மூடாமல் தொங்கவிடப் போகிறோம். எல்லோரும் பார்க்கட்டும். தலைப்பு அப்படியே இருக்கும், ஒரு கேள்விக்குறி மட்டும் சேரும். ஏன் சேர்ந்தது என்று நீங்கள் மேடையில் சொல்லவேண்டும்" என்றார்.

வாசல்வரை போய்த் திரும்பினார். "குகன்-சான் இருபது வருடத்துக்கு மேலாக இங்கே இருக்கிறார். அவர் சிரித்து நான் கேட்டதில்லை. இந்த மாதம் கீழ்த்தளத்திலிருந்து சத்தம் வருகிறது என்று காவலாளி இரண்டு முறை புகார் செய்திருக்கிறார்."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் மேசையில் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனார். சகுரா இலையில் சுற்றிய பலகாரம். இலையையும் சேர்த்துத் தின்றேன்.

ஏப்ரல் 4, வியாழன்

இதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். கல்லூரி முதல்வருக்கும் எழுதினேன். அவர் போன மாதமே "நாகர்கோவில் பேராசிரியை ஜப்பானில் சாதனை" என்று உள்ளூர்ப் பத்திரிகையில் போட்டுவிட்டார். நான் இன்னும் பேராசிரியையும் இல்லை, இப்போது சாதனையும் இல்லை. பதில்: "சரி. பதவி உயர்வு அடுத்த முறை பார்க்கலாம்." அதை மூன்று முறை வாசித்தேன். உண்மையாகவே வலித்தது. எழுந்து ஜன்னலைத் திறந்தேன், வெளியே மரம். அவ்வளவுதான், மறுபடியும் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது.

ஏப்ரல் 6, சனி

பேசினேன். "நான் இங்கே வந்தது இந்த மரம் அபூர்வமானது என்று சொல்ல. இது உங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிற மரம்" என்று தொடங்கியதும் சபை சிரித்தது. எனக்கு விக்கல் வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் என் விக்கலையும் மொழிபெயர்க்கப் பார்த்தார்.

ஒரு பெரியவர் எழுந்து, "உங்களுக்கு ஏமாற்றமாக இல்லையா?" என்று கேட்டார்.

"கொஞ்சம்" என்றேன். "ஆனால் வெள்ளையாக இருந்திருந்தால் நான் சொன்னது சரியாகியிருக்கும். அவ்வளவுதான். இளஞ்சிவப்பாக இருந்ததால் நான் இந்தப் படத்தை உண்மையாகப் பார்த்தேன்."

சரியாகச் சொன்னேனா தெரியவில்லை. கடைசி வரிசையில் குகன் நின்றுகொண்டிருந்தார், கோட்டுப் போட்டு, தலை வாரி. அதன் பிறகு என்ன பேசினேன் என்று நினைவில்லை. வரிசையில் நின்று எல்லோரும் அந்த விரல் அகலப் பட்டையைக் குனிந்து பார்த்தார்கள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

இந்தப் பக்கங்களை உதவித்தொகைக்காரர்களுக்கு அனுப்பப்போவதில்லை. வேறு எழுதிக் கொடுத்துக்கொள்ளலாம்.

ஆற்றங்கரையில் நடந்தோம். காற்று அடிக்கும்போதெல்லாம் இதழ் கொட்டியது. அவர் தலையில், என் சேலையில், யாருடைய நாயின் முதுகிலோ. நான் எல்லாவற்றுக்கும் சிரித்தேன்.

"உங்களிட்ட ஒரு விசயம் கதைக்கவேணும்" என்றார் அவர். "ரெண்டு நாளாப் பாக்கிறன். நீங்கள் சிரிக்கிறதை நிப்பாட்டினால்தானே நான் தொடங்கலாம்."

நிறுத்தினேன். கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்பது மாதிரி நின்றேன். அவர் மீசையைத் தடவினார். தண்ணீரைப் பார்த்தார். ஒரு படகு போனது.

பொறுமை போய்விட்டது எனக்கு. "நாம கல்யாணம் பண்ணிக்கிடலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதைத்தான் நான் சொல்ல வந்தனான்!" என்றார் கோபமாக.

ஏப்ரல் 8, திங்கள்

ஷைலாவிடம் சொன்னேன்.

"யாருக்கா அது? என்ன எவருன்னு தெரியாம? நாப்பத்திநாலு வயசுல?" என்றாள். "சிலோன்காரரா? கோயிலுக்குப் போறவரா? நம்ம சர்ச்சுல என்ன சொல்லுகது?" அடுக்கிக்கொண்டே போனாள். நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். திடீரென்று நிறுத்தினாள்.

"நீ அங்கயே இருந்திருவியாக்கா?"

எட்டாம் வகுப்பு ஷைலாவின் குரல் அது.  நான் யோசிப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 10, புதன்

ஷைலா போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

எடுக்கவில்லை. இந்த ஒரு மாதத்தில் முதல்முறையாக இன்று சிரிக்கவில்லை. குகன் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

"உங்கட வீட்டில ஆரிட்டக் கேக்கவேணும்?" என்றார்.

"கேக்க யாரு இருக்கா? ஷைலா மட்டுந்தான்."

"அப்ப அவவிட்ட வந்து கேக்கிறன். போனில கேக்கிற விசயமில்லை இது."

"அவ முகங்கொடுத்துப் பேசாட்டி?"

"வாசல்ல நிண்டு கேப்பன். எங்க இருக்கிறது எண்டதைப் பேந்து பாப்பம். அங்கை இருக்கவேணும் எண்டாலும் எனக்கு ஓம்."

மொரிகாவா-சான் குகனின் விடுமுறைக் கடிதத்தை வாசித்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டாராம். பிறகு நாட்களை எண்ணிப் பார்த்து, "இது போதாது" என்று இன்னொரு வாரம் சேர்த்தாராம்.

ஏப்ரல் 15, திங்கள்

பெட்டி கட்டினேன். ஷைலாவுக்கு விமான நேரத்தை மட்டும் செய்தியாக அனுப்பினேன். கூட ஒருவர் வருகிறார் என்றும். அவள் படித்துவிட்டாள் என்று இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

ஏப்ரல் 17, புதன்

நாகர்கோவில் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே ஒரே சத்தம்.

திருவனந்தபுரத்தில் இறங்கியதும் குகன் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. என் பெட்டி, அவர் பெட்டி, மொரிகாவா-சான் கொடுத்தனுப்பிய பலகாரப் பெட்டி எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தார். "உங்கட தங்கச்சி வந்திருக்க மாட்டா போல" என்று இரண்டு முறை சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வந்திருந்தாள். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், ஞாயிற்றுக்கிழமைச் சேலை கட்டிக்கொண்டு, அழுது வீங்கிய முகத்தோடு. நான் கையை விரித்துக்கொண்டு ஓடினேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. என்னைத் தாண்டிப் போனாள். தள்ளுவண்டிக்கு முன்னால் போய் நின்று, அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் பேச வாயெடுத்தார்; இரண்டு நாளாக ஒத்திகை பார்த்த பேச்சு எனக்குத் தெரியும். கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஷைலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைப்பிடியை அவரிடமிருந்து வாங்கினாள்.

"வண்டியத் தாங்க அத்தான்" என்றாள். "காரு அந்தப் பக்கம் நிக்குது."